பாட்டியின் முழங்காலில் ஒரு வாயு

உங்கள் வீட்டுப் பாட்டி தரையிலிருந்து எழும்போது கவனித்திருக்கிறீர்களா? ஒரு கையைச் சுவரில் ஊன்றுவார். மறு கையால் முழங்காலை அழுத்திக்கொண்டு, "அம்மாடி" என்று மெல்ல எழுவார். நாலைந்து அடி வைத்த பிறகுதான் கால் அவர் சொன்னபடி கேட்கும். பத்துமலைக்குப் போனால் 272 படிகளையும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "நீங்க போயிட்டு வாங்க, நான் கீழேயே கும்பிட்டுக்கிறேன்" என்று உட்கார்ந்துவிடுவார்.

காரணம் கேட்டால், "மூட்டுத் தேய்ஞ்சு போச்சு, வயசாச்சுல்ல" என்பார். கிளினிக்கில் எக்ஸ்ரே பார்ப்பவரும் பெரும்பாலும் அதே சொல்லைத்தான் சொல்வார்: மூட்டுத் தேய்மானம். இதன் மருத்துவப் பெயர் ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ். 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் சுமார் 59 கோடியே 50 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கிறது.

'தேய்மானம்' என்றதும் நம் மனத்தில் என்ன தோன்றுகிறது? ஓடி ஓடித் தேய்ந்த காலணி, வழுக்கையாகிப்போன டயர். அப்படியானால் நடக்க நடக்க இன்னும் தேயும், நடக்காமல் இருந்தால் மிச்சமிருப்பது தப்பிக்கும் என்றுதானே நினைப்போம்? பல பாட்டிகள் அப்படித்தான் நினைத்து நாற்காலியோடு இருந்துவிடுகிறார்கள். அந்த முடிவு சரிதானா? இதற்குப் பதில் தேட, ஒரு சின்னஞ்சிறு வாயு மூலக்கூற்றின் பின்னால் நாம் போக வேண்டும். அதன் பெயர் நைட்ரிக் ஆக்சைடு.

மூட்டுக்குள் ஒரு வெள்ளைத் தொப்பி

கோழிக்கால் சாப்பிடும்போது எலும்பின் நுனியைப் பாருங்கள். வழவழப்பாக, வெண்மையாக ஒரு தொப்பி மூடியிருக்கும். அதுதான் குருத்தெலும்பு. நம் முழங்காலிலும் எலும்பும் எலும்பும் சந்திக்கும் இடத்தில் சில மில்லிமீட்டர் தடிமனில் இதே தொப்பி உண்டு. நாம் நடக்கும்போது முழங்கால் மூட்டின்மேல் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு சுமை விழுகிறது. படி ஏறி இறங்கும்போது அது மூன்று மடங்கையும் தாண்டும். அத்தனையையும் தாங்குவது இந்த மெல்லிய தொப்பிதான்.

எப்படித் தாங்குகிறது? குருத்தெலும்பில் ஏறக்குறைய 70 விழுக்காடு தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது அக்ரிகன் என்ற மூலக்கூறு. அது பாட்டில் கழுவும் பிரஷ் போன்ற வடிவம் கொண்டது. அக்ரிகன் சிதறிப் போகாதபடி வலை பின்னிக் காப்பது கொலாஜன் என்னும் புரத நார். வீட்டில் பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சை நீரில் நனைத்து அழுத்திப் பாருங்கள். நீர் வெளியேறும், கையை எடுத்தால் மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். குருத்தெலும்பும் ஒவ்வோர் அடிக்கும் ஏறத்தாழ இப்படித்தான் அழுந்தி விரிகிறது.

இந்த அழுந்தி விரிதலுக்கு இன்னொரு பயனும் உண்டு. குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் கிடையாது. அதற்குள் வாழும் உயிரணுக்களுக்கு உணவும் ஆக்சிஜனும் மூட்டுத் திரவத்திலிருந்து ஊறித்தான் வர வேண்டும். மூட்டு அசையும்போது அந்தத் திரவமும் அசைந்து உள்ளே போய் வருகிறது.

ஆம், குருத்தெலும்புக்குள் உயிரணுக்கள் வாழ்கின்றன! காண்ட்ரோசைட் எனப்படும் இவை மொத்தக் கன அளவில் சுமார் 2 விழுக்காடுதான். ஆனால் அக்ரிகனையும் கொலாஜனையும் தயாரிப்பதும், பழையதைச் சிறிது சிறிதாகக் கழிப்பதும் இவைதாம். டயருக்கும் குருத்தெலும்புக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே. டயருக்குள் யாரும் குடியிருப்பதில்லை.

இந்த உயிரணுக்கள் பெரியவர்களிடம் மிக அரிதாகவே பிரிந்து பெருகும். குருத்தெலும்பின் கொலாஜனில் பாதி புதுப்பிக்கப்பட நூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆகும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மனித ஆயுளுக்கே ஒரு தொகுப்புதான் என்று வைத்துக்கொள்ளலாம். அது போனால் போனதுதான். குருத்தெலும்பில் நரம்புகளும் இல்லை. ஆகவே அது சிதையத் தொடங்கும்போது வலி தெரியாது. அடியிலுள்ள எலும்பும் மூட்டைச் சுற்றியுள்ள சவ்வும் பாதிக்கப்படும்போதுதான் வலி வெளியே வரும். அதற்குள் பல ஆண்டுகள் ஓடியிருக்கும்.

இரண்டே அணுக்கள்

இப்போது நம் வாயுவுக்கு வருவோம். ஒரு நைட்ரஜன் அணு, ஓர் ஆக்சிஜன் அணு. அவ்வளவுதான் நைட்ரிக் ஆக்சைடு. 1772-இல் இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி இதைத் தயாரித்து ஆராய்ந்தார். பல் மருத்துவர் பயன்படுத்தும் 'சிரிப்பு வாயு'வோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது நைட்ரஸ் ஆக்சைடு; அதில் நைட்ரஜன் அணுக்கள் இரண்டு. நைட்ரிக் ஆக்சைடு வாகனப் புகையில் வெளிவரும் வாயு. காற்றோடு சேர்ந்து பழுப்பு நிற நைட்ரஜன் டைஆக்சைடாக மாறும்.

இதில் உள்ள எலெக்ட்ரான்களை எண்ணிப் பாருங்கள். நைட்ரஜனுக்கு 7, ஆக்சிஜனுக்கு 8, ஆக மொத்தம் 15. ஒற்றைப்படை எண்! ஓர் எலெக்ட்ரானுக்கு இணை கிடைக்காது. இப்படி இணையில்லா எலெக்ட்ரானைக் கொண்ட மூலக்கூறுகளைத் தனி உறுப்புகள் என்கிறோம். இவை பிற மூலக்கூறுகளோடு வேகமாக வினைபுரியக் கூடியவை. உடலுக்குள் நைட்ரிக் ஆக்சைடு சில வினாடிகளே நிலைக்கும்.

புகைக்குழாயிலிருந்து வரும் இந்த வாயுவை நம் உடலே தயாரிக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? 1977-இல் ஃபெரிட் முராட், இதய வலிக்குத் தரப்படும் நைட்ரோகிளிசரின் மருந்து நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகிறது என்று காட்டினார். 1980-இல் ராபர்ட் ஃபர்ச்காட், இரத்தக் குழாயின் உட்சுவரே ஏதோ ஒரு பொருளைச் சுரந்து குழாயைத் தளரச் செய்கிறது என்று கண்டார். அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்சைடுதான் என்று 1986-இல் லூயி இக்னாரோவும் ஃபர்ச்காட்டும் தனித்தனியே முடிவுக்கு வந்தனர். மூவருக்கும் 1998-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆல்ஃபிரட் நோபல் பணம் சம்பாதித்தது நைட்ரோகிளிசரினைக் கொண்டு செய்த டைனமைட்டால். பிற்காலத்தில் அவருடைய இதய நோய்க்கு மருத்துவர்கள் எழுதிக் கொடுத்ததும் அதே நைட்ரோகிளிசரின்!

தேவைக்கு ஒரு துளி, அவசரத்துக்கு ஒரு வெள்ளம்

நம் உடலில் இந்த வாயுவைத் தயாரிக்க மூன்று நொதிகள் உண்டு. மூன்றுக்கும் மூலப்பொருள் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலமும் ஆக்சிஜனும்தான். முதல் நொதி நரம்புகளில் வேலை செய்கிறது. இரண்டாவது இரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கிறது. இவ்விரண்டும் தேவைப்படும்போது சிறிதளவு தயாரித்து நிறுத்திக்கொள்ளும்.

மூன்றாவது வேறு இரகம். சாதாரண நேரத்தில் அது பெரும்பாலான உயிரணுக்களில் இருப்பதே இல்லை. கிருமி தாக்கினாலோ காயம் ஏற்பட்டாலோ அபாயச் செய்தி வரும். அதன் பிறகுதான் உயிரணு அந்த நொதியை உருவாக்கும். உருவானதும் மணிக்கணக்காக, நாள்கணக்காக வாயுவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். கிருமிகளைக் கொல்ல நம் வெள்ளணுக்களுக்கு இது ஓர் ஆயுதம். கிருமியே இல்லாத இடத்தில் இந்த ஆலை இயங்கினால் என்ன ஆகும்? முழங்காலில் நடப்பது அதுதான்.

சொந்த வீட்டைக் கலைக்கும் உயிரணு

மூட்டில் பலமான அடி படுகிறது, அல்லது பல ஆண்டுகள் அளவுக்கு மீறிய சுமை விழுகிறது என்று வையுங்கள். குருத்தெலும்பின் சிறு துணுக்குகள் பிரிந்து மூட்டுத் திரவத்தில் மிதக்கும். மூட்டுச் சவ்வு எரிச்சலடையும். அங்கிருந்தும் குருத்தெலும்பிலிருந்தும் இண்டர்லூக்கின்-1 போன்ற செய்தி மூலக்கூறுகள் வெளிவரும். இவைதாம் அபாயச் செய்தி. இது கிடைத்ததும் காண்ட்ரோசைட் உயிரணு மூன்றாம் நொதியை உருவாக்கி, நைட்ரிக் ஆக்சைடை வெளியிடத் தொடங்கும்.

பிறகு நடப்பவற்றை ஆய்வுக்கூடத்தில் படிப்படியாகப் பார்த்திருக்கிறார்கள். முதலில், அக்ரிகன், கொலாஜன் ஆகியவற்றின் உற்பத்தி குறைகிறது. அடுத்து, கொலாஜன் வலையை வெட்டும் நொதிகள் சுறுசுறுப்படைகின்றன. உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை நைட்ரிக் ஆக்சைடு பிடித்துக்கொள்கிறது. அது சூப்பர் ஆக்சைடு என்ற இன்னொரு தனி உறுப்போடு சேர்ந்தால் பெராக்ஸிநைட்ரைட் என்ற கடுமையான பொருள் பிறக்கிறது. இத்தனையும் சேர்ந்து சில உயிரணுக்களை மடியச் செய்கின்றன.

ஆக, பாட்டியின் முழங்காலில் உராய்வு மட்டும் வேலை செய்யவில்லை. குருத்தெலும்பைப் பராமரிக்க வேண்டிய உயிரணுக்களே கட்டுவதை நிறுத்திவிட்டுக் கலைக்கத் தொடங்கிவிட்டன.

இளஞ்சிவப்பு நிறம் சொன்ன சேதி

சில வினாடிகளில் மறையும் வாயுவை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நைட்ரிக் ஆக்சைடு மறைந்தாலும் நைட்ரைட் என்ற எச்சத்தை விட்டுச் செல்கிறது. பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1879-இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. குறிப்பிட்ட கரைசலை ஊற்றினால், நைட்ரைட் இருக்கும் நீர் இளஞ்சிவப்பாக மாறும். நைட்ரைட் கூடக் கூட நிறமும் அடர்த்தியாகும். இத்தனைக்கும் கிரீஸ் வேலை பார்த்தது இங்கிலாந்தில் ஒரு பீர் ஆலையில்!

1991-இல் வெளிவந்த ஆய்வொன்று, அபாயச் செய்தி மூலக்கூறுகளைச் சேர்த்தால் குருத்தெலும்பு உயிரணுக்கள் நைட்ரிக் ஆக்சைடை உருவாக்குகின்றன என்று காட்டியது. மறு ஆண்டே, மூட்டு நோயாளிகளின் மூட்டுத் திரவத்தில் நைட்ரைட் மிகுந்திருப்பது தெரிந்தது. 1995-இல் நியூயார்க் ஆய்வாளர்கள், மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் வெட்டி எடுக்கப்பட்ட குருத்தெலும்பைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்தார்கள். வெளியிலிருந்து யாரும் தூண்டாமலே அது நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டது. நோயில்லாத குருத்தெலும்பு அப்படிச் செய்யவில்லை.

குற்றவாளி பிடிபட்டுவிட்டான் என்றே பலருக்கும் தோன்றியது. அந்த நொதியை மட்டும் அடைத்துவிட்டால் போதும் அல்லவா?

நாயிடம் வென்றது, மனிதரிடம் தோற்றது

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் அதைச் செய்து பார்த்தார்கள். முழங்கால் தசைநார் வெட்டப்பட்ட நாய்களுக்கு நாளடைவில் மூட்டு நோய் வரும். அவற்றில் சிலவற்றுக்கு மூன்றாம் நொதியை மட்டும் தடுக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். மருந்து பெற்ற நாய்களின் குருத்தெலும்பு குறைவாகவே சேதமடைந்தது. 1998-இல் இந்த முடிவு வெளிவந்தபோது பெரும் நம்பிக்கை பிறந்தது.

அடுத்த கட்டம் மனிதர்கள். சிண்டுனிஸ்டாட் என்ற மருந்து அதே நொதியைத் தடுக்கக் கூடியது. முழங்கால் தேய்மானமும் கூடுதல் உடல் எடையும் உள்ள 1,457 பேர் சோதனையில் சேர்ந்தார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. இரண்டு ஆண்டுகள் எக்ஸ்ரே எடுத்து மூட்டு இடைவெளியை அளந்தார்கள். 2013-இல் முடிவு வெளியானது. நோய் லேசாக இருந்தவர்களிடம் முதலாண்டில் சிறிது பலன் தெரிந்தது. இரண்டாம் ஆண்டில் அதுவும் நிலைக்கவில்லை. நோய் முற்றியவர்களிடம் பலனே இல்லை. மொத்தத்தில் மருந்து நோயின் வேகத்தைக் குறைக்கவில்லை.

உண்மையில் எச்சரிக்கை மணி முன்பே அடித்திருந்தது. மூன்றாம் நொதிக்குரிய மரபணு நீக்கப்பட்ட எலிகளில் ஒருவகைச் சோதனை நல்ல முடிவு தந்தது. வேறு முறையில் மூட்டைப் பாதித்து 2003-இல் வெளியிட்ட சோதனையிலோ, அந்த நொதி இல்லாத எலிகளுக்கு நோய் இன்னும் வேகமாக வந்தது! வெள்ளமாக வந்தால் அழிக்கும் வாயு, சிறு அளவில் மூட்டுக்கு வேண்டியதாகவும் இருக்கலாம் அல்லவா? மேலும், நோயாளி மருத்துவரிடம் வரும்போது நோய் பல ஆண்டுகள் முதிர்ந்திருக்கும். குருத்தெலும்பைக் கலைக்கும் வழிகளும் பல. ஒன்றை அடைத்தால் மற்றவை திறந்தே இருக்கும். தோல்விக்கு விஞ்ஞானிகள் சொல்லும் காரணங்கள் இவை. குருத்தெலும்புச் சிதைவை நிறுத்தும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை.

அப்படியானால் இருபது ஆண்டு ஆராய்ச்சி வீணா? இல்லை. 'தேய்மானம்' என்ற சொல்லை மறுபடி யோசிக்க வைத்ததே அதுதான். இது உராய்ந்து தேயும் பொருளின் கதை மட்டுமன்று, உயிருள்ள ஒரு திசுவின் நோய் என்பது உறுதியாயிற்று. உயிருள்ள திசு என்றால் அது சூழலுக்கு ஏற்ப நடந்துகொள்ளும்.

அசைந்தால் அடங்கும்

இங்கேதான் லண்டன் ஆய்வாளர்களின் சோதனை ஒன்று நமக்கு உதவுகிறது. குருத்தெலும்பு உயிரணுக்களை ஜெல்லி போன்ற பொருளில் பதித்து, இண்டர்லூக்கின்-1 சேர்த்தார்கள். எதிர்பார்த்தபடி நைட்ரிக் ஆக்சைடு பெருகியது. பிறகு அந்த ஜெல்லியைக் கருவியால் மிதமாக, சீராக, நடையின் தாளத்தில் அழுத்தி அழுத்தி விட்டார்கள். நைட்ரிக் ஆக்சைடு குறைந்தது! அபாயச் செய்தி ஒரு பக்கம் வந்துகொண்டிருந்தாலும், மிதமான அசைவு உயிரணுவைச் சமாதானப்படுத்தியது.

கண்ணாடித் தட்டில் கண்டது மனிதரிடம் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. சிண்டுனிஸ்டாட் கதை அதைத்தானே கற்பித்தது? ஆனால் உடற்பயிற்சியை மனிதர்களிடமே சோதித்துவிட்டார்கள். முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் முறையாகப் பயிற்சி செய்தால் வலி குறைகிறது, நடமாட்டம் மேம்படுகிறது. அதனால்தான் உலகெங்கும் மருத்துவ வழிகாட்டிகள் முதல் சிகிச்சையாக உடற்பயிற்சியையும் எடைக் குறைப்பையும் சொல்கின்றன. ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால்மேல் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று அளந்திருக்கிறார்கள்.

ஆகவே, "தேய்ஞ்ச காலை வச்சிக்கிட்டு நடக்கக் கூடாது" என்று பாட்டி சொன்னால் அதை ஏற்க வேண்டாம். 272 படிகளை ஏறச் சொல்லவும் வேண்டாம். மருத்துவரிடமோ உடலியக்க நிபுணரிடமோ கேட்டு, அவருக்கேற்ற பயிற்சியைத் தொடங்கச் சொல்லுங்கள். மாலையில் அவருடைய வேகத்திலேயே நீங்களும் கூட நடந்தால், பாதிப் பயிற்சி முடிந்த மாதிரிதான்.

உங்கள் முழங்கால் என்ன ஆகும்?

இது பாட்டிகளின் நோய் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். காற்பந்து, ஃபுட்சால், பூப்பந்து ஆடும்போது திடீரெனத் திரும்பி முழங்கால் முறுக்கிக்கொள்வது உண்டு. அப்போது ஏசிஎல் எனப்படும் தசைநாரோ, மெனிஸ்கஸ் எனப்படும் பிறை வடிவ மெத்தையோ கிழியலாம். இப்படிக் காயம்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 10 முதல் 20 ஆண்டுகளுக்குள் மூட்டுத் தேய்மானம் வருகிறது. பதினாறு வயதில் விழுந்தவருக்கு முப்பது வயதிலேயே பாட்டியின் முழங்கால்!

இதைக் குறைக்க வழி இருக்கிறது. 'ஃபிஃபா 11+' என்பது ஆட்டத்துக்கு முன் சுமார் 20 நிமிடம் செய்யும் பயிற்சித் தொகுப்பு. ஓட்டம், தசை வலிமை, சமநிலை, சரியாகக் குதித்து இறங்குவது எல்லாம் அதில் உண்டு. நார்வேயில் 13 முதல் 17 வயதுக்குட்பட்ட 1,892 காற்பந்து வீராங்கனைகளிடம் சோதித்தார்கள். இந்தப் பயிற்சியைச் செய்த குழுக்களில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. செலவு எதுவும் இல்லை. ஆனால் நம்மில் பலர் செய்வது என்ன? இரண்டு முறை காலை உதறிவிட்டு மைதானத்தில் இறங்குகிறோம்.

ஆட்டத்தில் முழங்கால் வீங்கினால், எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளே ஆடப் போகாதீர்கள். வீக்கம் என்பது உள்ளே அபாயச் செய்தி கிளம்பிவிட்டதன் அடையாளம். பயிற்றுநரிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். குருத்தெலும்புக்கு நரம்பில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். வலி நின்றுவிட்டது என்பதால் மட்டும் உள்ளே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

அடுத்த வாரம் உடற்கல்வி நேரத்தில் ஆசிரியர் "வார்ம் அப் செய்" என்று சொல்லும்போது, உங்கள் முழங்காலில் குடியிருக்கும் அந்த 2 விழுக்காட்டு உயிரணுக்களை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு எழுபது வயதாகும்போதும் அங்கே வேலை செய்யப்போவது ஏறக்குறைய அதே உயிரணுக்கள்தாம்.